மசக்கைக் குமட்டலும் நறுமணச் சிகிச்சையும்

கருவுற்ற மகளிர்க்கு முதற் சில திங்களில் நேரும் குமட்டலையும் வாந்தியையும் நம் நாட்டார் மசக்கை என்பர். பழந்தமிழில் இதனை அடுத்து நிற்கும் சொல் வயா என்பது. தொல்காப்பியனார் உரியியலில் அச்சொல்லுக்கு வேட்கை மிகுதி என்று பொருள் கூறினார். புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமன்னனொருவன் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் விரும்பி உண்பதல்லது பகைவர் கொள்ளுதல் இயலாது என்று பாடுகிறார். குறுந்தொகையின் 287ஆம் பாட்டிலோ, நீர் முகந்து வருந்தி மலையேறும் மேகங்களுக்குப் பசும்புளியை விரும்பும் நிறைசூல் மகளிர் உவமையாகின்றனர். இவ்விரு பாட்டிலும் வேட்கை பேசப்படுகிறதேயன்றிக் குமட்டல் பேசப்படவில்லை. மண்ணும் புளியும் புலவர்க்கு இசைந்தன போலும். விடியற்காலையில் கொல்லைப்புறத்திற் குனிந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருந்தும் பெண் அவர்கள் பாட்டுக்கு இசையவில்லை.

அவ்வருத்தத்தை நல்ல மணங்களை முகர்வதனால் தணிக்கலாம் என்னும் கொள்கை இக்காலத்தில் எங்கும் பரவியிருக்கிறது. எலுமிச்சைத் தைலம், புதினாத் தைலம், லாவெண்டர் தைலம் என்று சிறு சிறு புட்டிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. இக்கொள்கையில் உண்மை எத்துணை, வாணிகம் எத்துணை, அபாயம் எங்கே உள்ளது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் மாணவருட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இல்லறம் ஏற்பவர். பழைய மாணவருட் பலர் ஏற்று நடத்துபவர். ஆதலின் இது மகளிர்க்கு மட்டும் உரிய பொருளென்று ஆடவர் ஏட்டைப் புரட்டிவிடலாகாது.

முதலாவது, துன்பத்தின் அளவை அறிவோம். கருவுற்ற மகளிர் நூற்றுவரில் ஏறக்குறைய எழுபதின்மர்க்குக் குமட்டலாவது வாந்தியாவது உண்டாகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையே தொடங்கி, ஒன்பதாம் வாரத்தளவில் உச்சம் அடைந்து, பெரும்பாலார்க்குப் பதினாறு முதல் இருபது வாரத்திற்குள் தணிந்துவிடும். ஆங்கிலேயர் இதனைக் காலை நோய் என்பது பொருந்தாப் பெயர். பலர்க்கு நாள் முழுவதும் இருக்கிறது. சிலர்க்கு மாலையிலேதான் மிகுகிறது. நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை, இது சாதாரண மசக்கையாக நில்லாமல், உண்டதும் குடித்ததும் தங்காது, உடல் நிறையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, நீர் வற்றி, மருத்துவமனையிற் படுக்க வேண்டிய கொடிய நிலையாக மாறுகிறது. இதனை மருத்துவர் ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம் என்பர்.

இக்கொடிய நிலை எத்தகையது என்பதற்கு ஆங்கில இலக்கியம் பயில்வோர் நன்கறிந்த ஒருவரையே சான்றாகக் கூறலாம். 1847இல் 'ஜேன் அயர்' என்னும் நாவலை வெளியிட்ட சார்லட் பிராண்டி அம்மையார், 1854 ஜூன் மாதம் மணம் புரிந்துகொண்டார்; 1855 மார்ச்சு 31ஆம் நாள், தம் முப்பத்தெட்டாம் வயதில், கருவுற்றிருந்த நிலையிலேயே காலமானார். இறப்புச் சான்றில் க்ஷயம் என்று எழுதப்பட்டது. ஆயினும், இறுதித் திங்களில் இடையறாத குமட்டலும் வாந்தியும் அவரை வாட்டியமையைக் கொண்டு, அவர் உயிரைக் கவர்ந்தது மசக்கையின் கொடிய வடிவமே என்று பிற்கால மருத்துவ அறிஞர் பலர் கருதுகின்றனர். இரத்தக் குழாயின் வழியே உப்புநீர் ஏற்றும் முறையை, 1832லேயே தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் வாந்திபேதி நோயாளரிடம் கையாண்டு காட்டியிருந்தார். அது பரவாமற் கிடந்தது. இன்று எந்த மாவட்ட மருத்துவமனையிலும் தொங்கும் அந்த உப்புநீர்ப் புட்டி அன்று ஹாவர்த் கிராமத்துப் பாதிரியார் இல்லத்தை எட்டியிருப்பின், அவர் இன்னும் சில நாவல்களை எழுதியிருக்கவுங் கூடும்.

நிற்க. இத்துன்பத்திற்கு மருந்து தேடிய வரலாறே இன்று மகளிரை நறுமணத்தின் பக்கம் திருப்பியது என்பது என் கருத்து. 1957 அக்டோபர் முதல் நாள், மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து கான்டர்கன் என்ற பெயரால் விற்பனைக்கு வந்தது. உறக்கத்திற்கும் அமைதிக்கும் ஏற்றது, தீங்கற்றது என்று விளம்பரம் செய்யப்பட்டமையால், மசக்கையால் வருந்திய மகளிரும் அதனை உட்கொண்டனர். கைகால் வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்னும் மருத்துவரும், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைடு என்பாரும் தனித்தனியே காரணத்தை உணர்ந்து கூறினர். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அம்மருந்து விலக்கப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பதினாயிரம் குழந்தைகளுக்கு மேல் ஊறுபட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண்மணி, போதிய சான்று காட்டப்படவில்லை என்று கூறி, அம்மருந்தின் விற்பனைக்கு இசைவளிக்க மறுத்து நின்றார். நிறுவனத்தார் மீண்டும் மீண்டும் நெருக்கியும் அவர் அசையவில்லை. 1962இல் கென்னடி குடியரசுத் தலைவர் அவர்க்குப் பதக்கம் வழங்கினார்.

இந்த அச்சம் நெடுங்காலம் நின்றது. குற்றமற்ற மருந்தையும் அது பற்றிக்கொண்டது. டாக்ஸிலமைன் என்னும் பொருளும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் பெண்டெக்டின் என்னும் பெயரால் மசக்கைக்கு வழங்கி வந்தது. குழந்தைகளுக்கு அதனால் குறை நேர்ந்ததென்று வழக்குகள் மலிந்தன. ஆராய்ச்சிகள் குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை. எனினும் வழக்குச் செலவைத் தாங்கமாட்டாமல் 1983இல் நிறுவனத்தார் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டனர். பின்னர் என்ன நேர்ந்தது? பிறவிக் குறைகள் குறையவில்லை. மசக்கை முற்றி மருத்துவமனையிற் சேர்ந்த மகளிரின் தொகையே ஏறிற்று. முப்பது ஆண்டு கழித்து, 2013இல், அதே கூட்டு மருந்துக்கு அமெரிக்க அரசாங்கம் மீண்டும் இசைவளித்தது. நம் நாட்டு மகப்பேற்று மருத்துவரும் இதனைச் சாதாரணமாக எழுதித் தருகின்றனர். சட்டம் பயின்ற பழைய மாணவர்க்கு ஒரு செய்தி: விஞ்ஞானச் சான்றை நீதிமன்றம் எவ்வாறு ஏற்பது என்பதைப்பற்றி அமெரிக்க உச்சநீதிமன்றம் 1993இல் அளித்த டாபர்ட் தீர்ப்பு இம்மாத்திரையைப் பற்றி எழுந்த வழக்கிலே பிறந்ததாகும்.

மாத்திரையென்றால் அஞ்சும் தாய்க்கு, மணம் தீங்கற்றதாகத் தோன்றுவது இயல்பே. உண்பதில்லை, ஊசியில்லை; பூவும் கனியும் இலையும் தரும் வாசம்தானே என்று எண்ணுகிறாள். ஆதலின் அவ்வாசம் யாது என்று பார்ப்போம்.

தைலம் என்னும் சொல் இங்கே நம்மைச் சிறிது ஏமாற்றும். நல்லெண்ணெய் போலவோ தேங்காயெண்ணெய் போலவோ இதிற் கொழுப்பு இல்லை. இலை, பூ, தோல், பட்டை முதலியவற்றில் நுண்ணிய பைகளில் அடங்கியிருக்கும் ஆவியாகும் பொருள்களின் தொகுதியே இது. தாளில் ஒரு துளி விட்டால் நல்லெண்ணெய் கறையாக நிற்கும். இதுவோ பெரும்பாலும் பறந்துவிடும். புதினா வகைகளையும் லாவெண்டரையும் நீராவியில் வடித்து எடுப்பர். எலுமிச்சை இனத்தை மட்டும் பெரும்பாலும் சூடுபடுத்தாமல் தோலை அழுத்திப் பிழிவர். எலுமிச்சைத் தைலத்தில் மூன்றில் இரண்டு பங்கு லிமோனீன் என்னும் ஒரே பொருள். பெப்பர்மிண்ட் தைலத்தில் ஐந்தில் இரண்டு பங்களவு மெந்தால். மெந்தால் குளிர்ச்சியாகத் தோன்றுவது உண்மையில் குளிர்ந்ததனால் அன்று. குளிரை அறியும் நரம்பு நுனியிலுள்ள ஒரு வாயிலை அது திறந்துவிடுகிறது. அவ்வாயிலைக் கண்டறிந்தவர்களுள் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும், வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் வகையை விளக்கியதற்காக 2021இல் நோபல் பரிசு பெற்றனர்.

இத்தைலங்களைக்கொண்டு செய்யும் சிகிச்சைக்கு அரோமாதெரபி என்று பெயரிட்டவர் பிரான்சு தேசத்து இரசாயன நிபுணரான ரெனே மொரீசு கட்டபோசே என்பவர். அவர் அப்பெயராலேயே 1937இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1910இல் தம் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் அவர் கை வெந்தபோது, அருகிலிருந்த லாவெண்டர் தொட்டியில் தற்செயலாகக் கையை நனைத்தார், உடனே குணமாயிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் தாமே எழுதியது அவ்வாறன்று. புண்ணில் அழுகல் நோய் பற்றியபோது, வேண்டுமென்றே லாவெண்டர் தைலத்தால் கழுவினார் என்பதே அவர் கூற்று. சிகிச்சை முறைகளுக்குக் கதைகள் எவ்வளவு விரைவில் முளைக்கின்றன என்பதற்கு இதுவே சான்று. அவர் கருதியது நுண்கிருமிகளை அழிக்கும் மருந்தாகத் தைலத்தைப் பயன்படுத்துவதை. முகர்ந்து குமட்டலைத் தணிப்பது பின்னர் வளர்ந்த கிளை.

இனி, மணத்திற்கும் குமட்டலுக்கும் உள்ள தொடர்பு. மூக்கின் மேற்புறத்திலுள்ள மெல்லிய தோலில் மணத்தை ஏற்கும் உயிரணுக்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. அவற்றின் மீதுள்ள ஏற்பிகளின் பெருங்குடும்பத்தைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்ஸல், லிண்டா பக் ஆகியோர்க்கு 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடத்தில் தொழிற்படும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400. கண்ணும் காதும் அறியும் செய்தி மூளையின் நடுவில் தாலமஸ் என்னும் இடத்தில் தங்கி, பிறகு மேலே செல்லும். மணத்தின் செய்தியோ அங்கே தங்காமல், அச்சத்திற்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்று தொடுகிறது. பழைய வீட்டின் வாசனை ஒரு கணத்தில் நம்மைச் சிறுவயதிற்கு இழுத்துச் செல்வதும், கெட்டுப்போன மீனின் நாற்றம் எண்ணுவதற்கு முன்பே வயிற்றைப் புரட்டுவதும் இவ்வழியினாலேயாம்.

ஆனால் மசக்கையின் வேர் மூக்கில் இல்லை. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. தாமே மசக்கையின் கொடுமையை அனுபவித்து ஒரு கருவை இழந்த மார்லீனா பெஜ்ஸோ என்னும் அமெரிக்க அம்மையாரும், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீபன் ஓரஹிலி குழுவினரும் பிறரும் அதில் ஈடுபட்டனர். ஜி.டி.எப்.15 என்னும் ஒரு புரதத்தைக் கருவின் பக்கத்திலுள்ள நஞ்சுக்கொடி மிகுதியாகச் சுரக்கிறது. அது தாயின் இரத்தத்தில் கலந்து, பின்மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தை அடைகிறது. வியப்பு யாதெனில், கருவுறுமுன் அப்புரதம் யாரிடத்திற் குறைவாக இருந்ததோ அவர்களுக்கே துன்பம் மிகுதி. பழக்கமில்லாத உடலை அது திடீரென்று தாக்குகிறது. தலசீமியா என்னும் இரத்த நோயால் பிறவி முதற்கொண்டு அப்புரதம் மிகுந்திருக்கும் பெண்களோ மசக்கையால் பெரும்பாலும் வருந்துவதில்லை. குமட்டல் மனத்தின் பலவீனம், பெண்ணின் பாசாங்கு, பிறந்தகம் போக விரும்பும் மருமகளின் தந்திரம் என்றெல்லாம் பேசிய வாய்களுக்கு இவ்வாராய்ச்சி போதிய விடை.

வேர் பின்மூளையில் இருப்பினும், அன்றாடம் அதனைக் கிளறுவது பெரும்பாலும் மூக்கே. கருவுற்ற நாளில் மோப்ப சக்தி கூர்மையாகிறது என்று மகளிரிற் பெரும்பாலோர் கூறுகின்றனர். எனினும், மணப்பொருளின் அளவைப் படிப்படியாகக் குறைத்துச் சோதித்தவர்கள், மூக்கின் கூர்மை திட்டமாக மிகுந்துவிட்டதென்று காணவில்லை. லெஸ்லி காமரன் என்பார் 2014இல் இவ்வாராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து ஆய்ந்து அவ்வாறே எழுதினார். மாறுவது மூக்கின் கூர்மையன்று, மணத்தின்மேல் உள்ளத்திற்கு எழும் வெறுப்பே என்று கொள்வது பொருந்தும். நேற்றுவரை பசியைத் தூண்டிய தாளிப்பு வாசனை இன்று வாயிலிற் கால்வைக்க விடாது துரத்துகிறது.

ஒரு மணம் குமட்டலைக் கிளறுமாயின், மற்றொரு மணம் அதனை அடக்குமா? இவ்வினாவுக்கு விடை காணச் சோதனை செய்தவர்களுள் ஈரான் தேசத்தார் முன்னணியில் நிற்கின்றனர். அவர்கள் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனையில் கருவுற்ற மகளிர் நூற்றுவர் சேர்க்கப்பட்டனர். சீட்டுப்போட்டாற்போலப் பிரித்து, ஒரு பகுதியார்க்கு எலுமிச்சைத் தைலமும், மற்றவர்க்கு அதேபோன்ற புட்டியில் வாதுமையெண்ணெயும் கொடுத்து, குமட்டல் தோன்றும்போது பஞ்சில் விட்டு முகருமாறு கூறினர். நான்கு நாள் குமட்டலின் கடுமையும் வாந்தியின் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டன. இரண்டாம் நாளிலும் நான்காம் நாளிலும் எலுமிச்சை முகர்ந்தவர்களின் துன்பம் மற்றவர்களுடையதைக் காட்டிலும் கணக்கியல் முறைப்படி குறைந்திருந்தது.

இதனைக் கேட்டவுடன் புட்டி வாங்கப் புறப்படுவோர் சிறிது பொறுத்தல் வேண்டும். எவர்க்கு எது கொடுக்கப்பட்டது என்பதைக் கொடுப்பவரும் பெறுபவரும் அறியாதிருந்தனர் என்று அறிக்கை கூறுகிறது. மாத்திரையாயின் இது கூடும். சுண்ணாம்பு மாத்திரைக்கும் மருந்து மாத்திரைக்கும் வேற்றுமை தெரியாதபடி செய்யலாம். எலுமிச்சையின் மணத்தை மூக்கின்முன் வைத்துவிட்டு அது எலுமிச்சை என்று அவள் அறியாதிருக்கச் செய்வது எங்ஙனம்? பெயரில் மறைவு இருக்கலாம். மூக்குக்கு மறைவு ஏது? இச்சிகிச்சையைப் பற்றிய சோதனைகள் அனைத்தையும் பற்றி நிற்கும் குறை இது. மேலும், எலுமிச்சை குமட்டலுக்கு நல்லது என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்நம்பிக்கையே பாதி மருந்தாகும்.

மற்றொரு சோதனையும் ஈரானிலேயே நிகழ்ந்து 2012இல் வெளிவந்தது. அறுபது பெண்கள். உறங்கும்போது கட்டிலின் அருகே தரையில் ஒரு கிண்ணம் நீர் வைத்து, ஒரு சாரார்க்கு அதில் நான்கு துளி புதினாத் தைலமும், மற்றவர்க்கு வெறும் உப்புநீரும் விட்டனர். நான்கு இரவு இவ்வாறு செய்ததில், புதினாக் கூட்டத்தாரிடம் குமட்டல் இறங்குமுகமாகத் தோன்றிற்றேனும், இரு கூட்டத்திற்கும் உள்ள வேற்றுமை தற்செயலென்று தள்ளக்கூடிய அளவிலேயே நின்றது. அதாவது புதினா வெற்றி பெறவில்லை. விற்பவர் ஏடுகளில் முதற் சோதனை கொட்டை எழுத்தில் வரும். இரண்டாவது பெரும்பாலும் வாராது.

கர்ப்பத்தைப் பற்றியதல்லாவிடினும், மூன்றாவதொரு சோதனையை நான் மிகவும் விரும்புகிறேன். 2004இல் அமெரிக்காவில், அறுவைச் சிகிச்சைக்குப்பின் குமட்டலால் வருந்திய முப்பத்துமூவர்க்கு, சிலர்க்குப் பெப்பர்மிண்ட் தைலமும், சிலர்க்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும், சிலர்க்கு உப்புநீரும் பஞ்சில் தோய்த்து மூக்கருகே வைத்து, மூக்கால் மெல்ல உள்ளிழுத்து வாயால் மெல்ல விடுமாறு கற்பித்தனர். ஐந்து நிமிடத்தில் மூன்று கூட்டத்தாருக்கும் குமட்டல் பெரிதும் தணிந்தது. உப்புநீர் மற்றிரண்டுக்கும் தோற்கவில்லை. உப்புநீருக்கு மணமே இல்லை! அப்படியாயின் தணித்தது யாது? நிதானமாக விட்ட மூச்சே என்று சோதித்தவர்கள் ஊகித்தனர். பஞ்சு ஒரு வியாஜம். அது இல்லாவிடின் யாரும் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கமாட்டார்.

கருவுற்ற தொடக்க காலத்துக் குமட்டலுக்கான எல்லா வகைச் சிகிச்சைகளையும் கோக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டுறவினர் 2015இல் தொகுத்து மதிப்பிட்டனர். 41 சோதனைகள், 5,449 பெண்கள். இஞ்சி, பி6 வைட்டமின், மணிக்கட்டை அழுத்துதல், எலுமிச்சைத் தைலம், புதினாத் தைலம், பலவகை மாத்திரைகள் ஆகியவை அத்தொகுப்பில் அடங்கின. எதனையும் உறுதியாகச் சிபாரிசு செய்யப் போதிய உயர்தரச் சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. இதனைத் தைலத்துக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்வது தவறு. பரிசோதிக்க வேண்டிய அளவு பரிசோதிக்கப்படவில்லை என்பதே பொருள். உலகிற் பாதிப்பேரின் துன்பம் பற்றிய கல்வி இத்துணைச் சிறிதாக நிற்பதற்குக் காரணம் தாலிடோமைடு அச்சம் மட்டுமா, அன்றி, தானே தீரும் துன்பம்தானே என்னும் அலட்சியமா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்குமிடத்து, மெல்லிய மசக்கையால் வருந்தும் பெண்ணொருத்தி எலுமிச்சை மணத்தை முகர்ந்து, அதனால் ஆறுதல் பெற்றால் அவளைத் தடுக்க வேண்டுவதில்லை என்றே நான் கருதுகிறேன். அவ்வாறுதல் லிமோனீனால் வந்ததோ, மூச்சால் வந்ததோ, நம்பிக்கையால் வந்ததோ, அவளுக்கு அது ஆறுதலே. புட்டியும் வேண்டுவதில்லை. கனியின் தோலை நகத்தாற் கீறினால் பீறிட்டு வருவதும் அதே வகைத் தைலம்தான். இங்கே ஒரு சொல்: ஈரானியர் சோதித்த லெமன் வேறு, நாம் எலுமிச்சை என்று சந்தையில் வாங்கும் சிறிய உருண்டைப் பழம் வேறு. நம்முடையதை ஆங்கிலேயர் லைம் என்பர். இரண்டும் ஒரே இனம். லிமோனீன் இரண்டிலும் உண்டு. மணம் சிறிது மாறும். அவ்வாறே நம் வீட்டுப் புதினாவும் பெப்பர்மிண்டும் உறவினரே யன்றி ஒன்றல்ல. துவையலரைக்கும் புதினாவில் மெந்தால் மிகச் சிறிது. அதன் மணத்துக்கு உரியது கார்வோன் என்னும் வேறொரு பொருள்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1955இல் ஜான் கார்சியா என்னும் அமெரிக்கர், எலிகளுக்குச் சர்க்கரைப் போலியாகிய சாக்கரின் நீரைக் கொடுத்து, அதே வேளையில் உடலை நோகச் செய்யும் கதிர்களையும் செலுத்தினார். அதன்பின் அவ்வெலிகள் இனிப்பு நீரைத் தொட மறுத்தன. நோயும் சுவையும் ஒருமுறை இணைந்தால் அவ்விணைப்பு நெடுநாள் நிற்கும். குமட்டும்போதெல்லாம் ஒரே தைலத்தை முகர்பவளுக்கு, சில வாரத்தில் அத்தைலமே குமட்டலின் அடையாளமாக மாறக்கூடும். மணத்தை வெறுக்கத் தொடங்கினால் அதனை உடனே விட்டுவிடுதல் நலம். பணம் கொடுத்து வாங்கியதாயிற்றே என்று வற்புறுத்தலாகாது.

இனி அபாயங்கள். முகர்வது ஒன்று, விழுங்குவது முற்றிலும் வேறொன்று. கனியையும் இலையையும் உண்ணலாமெனில் அவற்றின் தைலத்தையும் உண்ணலாம் என்னும் எண்ணம் உயிரையே கொள்ளும். பென்னிராயல் என்பது புதினாக் குடும்பத்துச் செடி. மணமும் புதினாவை ஒத்தது. கருவைக் கலைக்க எண்ணி, 1978இல் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் ஓர் இளம்பெண் அதன் தைலத்தைச் சிறிதளவே குடித்தாள். கல்லீரல் அழிந்து சில நாளில் இறந்தாள். அதிலுள்ள புலெகோன் என்னும் நஞ்சுக்கு இன்றும் நேரான மாற்று மருந்தில்லை. மூட்டுவலிக்குத் தேய்க்கும் வின்டர்கிரீன் தைலத்தின் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். நீலகிரித் தைலம் வயிற்றினுட் சென்றால் மயக்கமும் வலிப்பும் உண்டாகும். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கற்பூரமும் அத்தகையதே. அது நஞ்சுக்கொடியையும் கடந்து சிசுவை அடையும். அழுத்திப் பிழிந்த எலுமிச்சைத் தைலத்தைத் தோலிற் பூசிக்கொண்டு வெயிலில் நடந்தால், அவ்விடம் வெந்து கறுக்கும். மூச்சுத்தடையுள்ளவர்க்குக் கடுமையான வாசனை எதுவாயினும் இழுப்பைக் கிளப்பலாம். புட்டிகள் சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். மசக்கையுள்ள தாயின் வீட்டில் பெரும்பாலும் மற்றொரு சிறு குழந்தையும் தவழ்ந்துகொண்டிருக்கும்.

இவற்றினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு: கொடிய மசக்கையுற்றவளை மணத்தைக் காட்டி வீட்டிலேயே வைத்திருப்பது. ஒரு நாள் முழுவதும் நீரும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை அல்லது கறுத்து இறங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் இரத்தம் காண்கிறது, காய்ச்சலோ வயிற்றுவலியோ சேர்கிறது என்றால், அது தைலத்தின் வேலையன்று. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். வாரக்கணக்கில் உணவின்றி வாந்தியெடுப்பவளுக்கு பி1 வைட்டமின் அறவே குறைந்துபோகிறது. அந்நிலையில் அவ்வைட்டமினைக் கொடாமல் சர்க்கரைநீரை மட்டும் ஏற்றினால் மூளை கெட்டு, பார்வை பிறழ்ந்து, நடை தள்ளாடி, நினைவும் அழியக்கூடும். மருத்துவர் முதலில் பி1 ஊசி போடுவதன் காரணம் இதுவே. ஊசி எதற்கு, குளுகோஸ் போதும் என்று உறவினர் மருத்துவரிடம் வாதாடலாகாது.

வாந்தி மிகுந்தால் கரு நன்றாக வேர்பிடித்திருக்கிறது என்பர் முதியோர். இது வெறும் ஆறுதல் மொழியன்று. முன்பு கருச்சிதைவுற்ற 797 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட அமெரிக்க ஆராய்ச்சியொன்று, குமட்டலும் வாந்தியும் உற்றவர்களுக்குக் கருச்சிதைவு பெரிதும் குறைவாகவே நேர்ந்தது என்று கண்டது. ஆயினும் குமட்டல் இல்லாமலே நல்ல குழந்தை பெற்றவர் எண்ணற்றோர். மசக்கை வரவில்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை.

மணத்தைத் தவிர ஏனைய வழிகளைச் சுருக்கமாகக் கூறுவேன். இஞ்சிக்கு ஓரளவு சான்றுண்டு: தாய்லாந்தில் எழுபது பெண்களைக் கொண்டு 2001இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு ஒரு கிராம் இஞ்சிப்பொடி, போலி மாத்திரையைவிடக் குமட்டலை நன்றாகத் தணித்தது. பி6 வைட்டமினும், முற்கூறிய கூட்டு மாத்திரையும் மருத்துவர் மேற்பார்வையில் உண்ணத்தக்கவை. வயிற்றைக் காலியாகவிடாமல் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும், படுக்கையை விட்டு எழுமுன் உலர்ந்த ரொட்டியோ பொரியோ தின்பதும் பலர்க்கு உதவுகின்றன.

நல்ல மணத்தைச் சேர்ப்பதினும், தீய மணத்தை நீக்குவது எளிது, செலவுமற்றது. எண்ணெய் காயும் புகை, மீன் கழுவும் நாற்றம், கொதிக்கும் கஞ்சியின் ஆவி, புகையிலை, ஊதுபத்தி, பெண்ணின் மூக்குக்கு எது ஒவ்வாதோ அதனை அவளிடமே கேட்டு அறிந்து விலக்கலாம். சமையலறையின் சன்னலைத் திறந்து வைக்கலாம். சூடான உணவினும் ஆறிய உணவில் மணம் குறைவாதலால், தயிர்சாதம் போன்றவை சிலர்க்கு இறங்கும். அந்த எட்டுப் பத்து வாரத்திற்கு அடுப்படியை அவளிடமிருந்து மற்றவர் ஏற்றுக்கொள்ளலாம். நம் விடுதியில் தாமே சோறு வடித்துப் பழகிய மாணவர்க்கு இது பெருங்காரியமன்று. தாளிக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளல் வேண்டும்.